ஆனந்த் பெரிய ஆட்டக்காரரா, குகேஷா? – காலம் தாண்டிய ஒப்பீட்டில் எங்கே கணக்கு தவறுகிறது?

விழுப்புரத்திலிருந்து காலையில் சென்னைக்குக் கிளம்பும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் அதிகம். ஜன்னலோர சீட் கிடைத்தவர்களில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் கையில் செல்போன். அதில் ரீல்ஸ் ஓடும், கிரிக்கெட் ஓடும். இப்போதெல்லாம் செஸ் போர்டும் அடிக்கடி கண்ணில் படுகிறது. மூன்று நிமிட ஆட்டம். திண்டிவனம் வருவதற்குள் நாலைந்து முடிந்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் வாக்குவாதம் தொடங்கும்.

"குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன். ஆனந்த் சார் முதல் பட்டம் வாங்கும்போது 31 வயசு. அப்புறம் என்னண்ணா பேச்சு?"

"தம்பி, ஆனந்த் எதிர்ல காஸ்பரோவ் உட்கார்ந்திருந்தார். குகேஷ் எதிர்ல உட்கார்ந்தது யாரு?"

சச்சினா கோலியா, எம்ஜிஆரா ரஜினியா என்பது போல இதுவும் முடிவில்லாத சண்டைதான். ஆனால், இரண்டு தரப்புமே ஒரு முக்கியமான விஷயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அது என்ன?

மூன்று தலைமுறை, ஒரே ஊர்

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். இந்திய செஸ்ஸின் மூன்று முக்கியமான 'முதல்'களும் தமிழ்நாட்டுக்காரர்களுடையவை. மூன்று பேரின் ஆட்டமும் வளர்ந்த களம் சென்னை.

மேனுவல் ஆரோன், 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1959-க்கும் 1981-க்கும் இடையே 9 முறை தேசிய சாம்பியன். செஸ்ஸுக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரும் அவரே.

விஸ்வநாதன் ஆனந்த், 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2000, 2007, 2008, 2010, 2012 என ஐந்து முறை உலக சாம்பியன் பட்டம் வென்றார்.

டி.குகேஷ், 2006-ல் சென்னையில் பிறந்தவர். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5 - 6.5 என்ற கணக்கில் வென்று, யாரும் மறுக்க முடியாத உலக சாம்பியன்களில் மிக இளையவர் ஆனார். அதற்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்த காஸ்பரோவ், 1985-ல் பட்டம் வென்றபோது 22 வயது.

வயதை வைத்துப் பார்த்தால் குகேஷ். பட்டங்களை எண்ணினால் ஆனந்த். ஆரோனை இந்தப் பட்டியலில் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதே இல்லை.

ரேட்டிங் இருக்கிறதே, அதை வைத்துச் சொல்ல முடியாதா?

செஸ்ஸில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு எண் உண்டு. ஆர்பட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் உருவாக்கிய இந்த முறையை, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. ஆனந்தின் உச்சம் 2817. குகேஷின் உச்சம் 2794. தெலங்கானாவின் அர்ஜுன் எரிகைசி 2024 டிசம்பரில் 2801-ஐத் தொட்டார். நார்வேயின் கார்ல்சன் 2014-ல் எட்டிய 2882-தான் இதுவரை எவரும் தாண்டாத உயரம்.

'அப்போ கணக்கு முடிஞ்சுது, ஆனந்துதான் மேலே' என்று சொல்லிவிடலாமா? முடியாது. எலோ எண் திறமையை நேரடியாக அளக்கும் தராசு இல்லை. எதிரே ஆடுகிறவரை விட எத்தனை புள்ளி அதிகம் என்பதுதான் அதில் பொருளுள்ள செய்தி. 100 புள்ளி முன்னிலை இருந்தால், நூறு ஆட்டத்தில் சுமார் 64 புள்ளி எடுப்பார் என்று அர்த்தம். அவ்வளவுதான். 1972-ன் 2700-ம் இன்றைய 2700-ம் ஒன்றல்ல. அந்தக் காலத்து 100 ரூபாயையும் இன்றைய 100 ரூபாயையும் அப்படியே ஒப்பிட முடியாது அல்லவா, அதுபோல.

1972-ல் உலகில் 2700-க்கு மேல் இருந்தவர் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் ஒருவர் மட்டுமே. இன்று 30 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்த 30 பேரும் ஃபிஷருக்குச் சமம் என்று யாரும் வாதாட மாட்டார்கள். ஃபிஷர் 2785-ல் இருந்தபோது, அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கியே 2660. முதல் ஆளுக்கும் சாம்பியனுக்கும் நடுவே 125 புள்ளி இடைவெளி. அந்த இடைவெளிதான் ஃபிஷரின் உண்மையான சாதனை. 2785 என்ற எண் அல்ல.

எண்களை ஃபிடேவே திருத்துவதும் உண்டு. 2024 மார்ச்சில், 2000-க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கும் ஒரு சூத்திரப்படி உயர்த்தப்பட்டது. ஒரே இரவில் லட்சக்கணக்கானோரின் எண் ஏறியது. ஆட்டம் ஏறவில்லை.

கம்ப்யூட்டரிடமே கேட்டால்?

இதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் லூப்லியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குயித், பிராட்கோ இருவரும் 2006-ல் உலக சாம்பியன்களின் பட்டப் போட்டி ஆட்டங்களைக் கணினியில் ஏற்றி, யார் குறைவாகத் தவறு செய்தார் என்று அளந்தார்கள். முதலிடம் வந்தவர் கியூபாவின் கபாப்ளாங்கா. 1921-ல் சாம்பியன் ஆனவர்!

ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால், காரணம் இருக்கிறது. கபாப்ளாங்கா ஆடிய ஆட்டங்கள் தெளிவானவை, சிக்கல் குறைந்தவை. தெருவில் மெதுவாக வண்டி ஓட்டுகிறவருக்கு விபத்து குறைவு. அதற்காக அவர் ரேஸ் ஓட்டுநரை விடத் திறமைசாலி ஆகிவிடுவதில்லை. ஆய்வாளர்களும் ஆட்டத்தின் சிக்கலைக் கணக்கில் சேர்க்க முயன்றார்கள். அப்படியும் விவாதம் ஓயவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய வீரர்கள் அந்தக் கணினியிடமே பாடம் படித்தவர்கள். வாத்தியார் போட்ட கேள்விக்கு அவரிடமே டியூஷன் படித்த மாணவன் கூடுதல் மார்க் வாங்குவதில் என்ன அதிசயம்?

இதே சண்டை, கோல்ஃப் மைதானத்தில்

இந்தக் குழப்பத்தைத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது: கோல்ஃப். விழுப்புரம் பக்கம் அதை ஆடியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால், அங்கே நடக்கும் வாதம் அப்படியே ரயில் பெட்டி வாதம்தான்.

கோல்ஃபில் ஆண்டுக்கு நான்கு பெரிய போட்டிகள். 'மேஜர்' என்பார்கள். அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ் 1962-லிருந்து 1986 வரை 18 மேஜர் வென்றார். டைகர் வுட்ஸ் 1997-லிருந்து 2019 வரை 15. எண்ணிக்கையில் நிக்லாஸ் முன்னால்.

நிக்லாஸின் ரசிகர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: "அவர் எதிர்த்து ஆடியவர்களைப் பாருங்கள். கேரி பிளேயர் 9 மேஜர், டாம் வாட்சன் 8, ஆர்னால்ட் பால்மர் 7, லீ டிரெவினோ 6. வுட்ஸின் எதிராளிகளில் அதிகம் வென்ற மிக்கெல்சனே 6-தான். எனவே நிக்லாஸுக்குத்தான் கடும் போட்டி."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஓட்டை இங்கேதான். எதிராளிகள் ஏன் அத்தனை கோப்பை வென்றார்கள்? ஜெயிக்கக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தால், கோப்பைகள் அவர்களுக்குள்ளேயே சுற்றி வரும். ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் பெரிய எண் நிற்கும். ஜெயிக்கக்கூடியவர்கள் ஐம்பது பேர் ஆகிவிட்டால், கோப்பைகள் சிதறும். ஆளுக்கு ஒன்று, இரண்டு. பட்டியலைப் பார்க்கிறவருக்கு 'பெரிய எதிராளியே இல்லையே' என்று தோன்றும். உண்மையில் போட்டி கூடியிருக்கும்.

வாசல் எவ்வளவு திறந்திருந்தது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிகளில் 'வெள்ளையர் மட்டும்' என்ற பிரிவு 1961 வரை இருந்தது. மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் கறுப்பின வீரர் லீ எல்டர் ஆடியதே 1975-ல்தான். சாம் ஸ்னீடும் டைகர் வுட்ஸும் அமெரிக்க பிஜிஏ டூரில் ஆளுக்கு 82 வெற்றி என்று சாதனைப் புத்தகம் சமமாகக் காட்டுகிறது. ஸ்னீடின் வெற்றிகளில் பெரும்பாலானவை வுட்ஸ் போன்ற ஒருவர் உள்ளேயே நுழைய முடியாத காலத்தில் கிடைத்தவை. அது ஸ்னீடின் தவறில்லை. ஆனால், 82-ம் 82-ம் ஒன்றல்ல.

இப்போது ஆனந்த், குகேஷுக்கு வருவோம்

கோல்ஃப் சொல்லும் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ரயில் பெட்டியின் இரண்டு வாதங்களும் ஆட்டம் காண்கின்றன.

முதல் வாதம்: 'குகேஷின் எதிராளி டிங் லிரென் ஃபார்மில் இல்லை.' உண்மைதான். அப்போது டிங் தரவரிசையில் முதல் 20 இடங்களுக்கு வெளியே இருந்தார். கார்ல்சன் 2022-லேயே பட்டத்தைக் காக்க மறுத்துவிட்டார். ஆனால், ஆனந்த் 2012-ல் மாஸ்கோவில் எதிர்கொண்ட கெல்ஃபாண்டும் தரவரிசையில் 20-ஐ ஒட்டித்தான் இருந்தார். அந்த வெற்றியை யாரும் ஆனந்தின் கணக்கிலிருந்து கழிப்பதில்லை. கழிக்கவும் கூடாது. எதிரே யார் உட்கார வேண்டும் என்பதைச் சாம்பியன் தீர்மானிப்பதில்லை.

குகேஷ் அந்த நாற்காலிக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் கருவானா, நகமுரா, நெபோம்னியாச்சி மூவரையும் அரைப் புள்ளி வித்தியாசத்தில் தாண்டினார். அந்த 8 பேரில் மூவர் இந்தியர்கள்: குகேஷ், பிரக்ஞானந்தா, விதித் குஜராத்தி.

இரண்டாவது வாதம்: 'ஆனந்த் 31 வயசுலதான் பட்டம் வாங்கினார்.' இதில் விட்டுப்போவது, அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பது. 1948-லிருந்து 1991 வரை ஃபிஷரின் மூன்று ஆண்டுகளைத் தவிர, உலகப் பட்டம் சோவியத் வீரர்களிடமே இருந்தது. அங்கே அரசு செலவில் பள்ளிகள், பயிற்சியாளர்கள், ஆய்வுக் குழுக்கள். இந்தியாவிலோ, ஆனந்துக்கு முன்னால் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை. கேட்டுப் படிக்க ஆளில்லை. அவருக்குப் பிறகும் வரிசை வேகமாக நீளவில்லை. இரண்டாமவர் திப்யேந்து பரூவா 1991-ல், மூன்றாமவர் பிரவீன் திப்சே 1997-ல். ஒன்பது ஆண்டுகளில் இரண்டே பேர்!

அந்த நிலையில்தான் ஆனந்த் 1991-92-ல் இத்தாலியின் ரெஜியோ எமிலியா போட்டியில் காஸ்பரோவ், கார்போவ் இருவரையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தார். 1995-ல் நியூயார்க்கில் காஸ்பரோவிடம் பட்டப் போட்டியில் தோற்றார். அதற்குப் பிறகும் சோர்ந்துவிடாமல் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2007-ல் மெக்சிகோ நகரில் யாரும் மறுக்க முடியாத சாம்பியன் ஆனார்.

குகேஷின் தலைமுறைக்கு ஆனந்தே பாடம். சொல்லப்போனால், ஆனந்தே வழிகாட்டியும்கூட. 2020-ல் தொடங்கிய வெஸ்ட்பிரிட்ஜ்-ஆனந்த் அகாடமியில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் வளர்ந்தார்கள். உலகப் போட்டிக்கு குகேஷைத் தயார் செய்த போலந்துக்காரர் காஜெவ்ஸ்கி, முன்பு ஆனந்தின் குழுவில் இருந்தவர். 1986 ஜூலையிலிருந்து 37 ஆண்டுகள் இந்தியாவின் நம்பர் 1 ஆக இருந்த ஆனந்தை 2023 செப்டம்பரில் தரவரிசையில் முந்தியவரும் குகேஷ்தான். ஏணியை வைத்தவரையே தாண்டி ஏறினார். அதைக் குறையாகவும் சொல்ல முடியாது, தனி ஆளின் சாதனையாக மட்டும் சொல்லவும் முடியாது.

இப்போது இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் எண்ணிக்கை 90-ஐத் தாண்டிவிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டவர். 37 ஆண்டுகள் நம்பர் 1 என்பது இனி எவராலும் முடியுமா? சந்தேகம்தான். ஆனந்தின் திறமை தனி ரகம் என்பது ஒரு காரணம். பின்னால் துரத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணினிக்கும் தெரியாது.

ஆரோனை எங்கே வைப்பது?

1962, ஸ்டாக்ஹோம். உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான இன்டர்சோனல் போட்டி. 23 பேரில் ஆரோன் கடைசி இடம். ரெக்கார்டு புத்தகத்தை மட்டும் பார்த்தால் கதை இவ்வளவுதான்.

ஆனால், அதே போட்டியில் அவர் ஹங்கேரியின் போர்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மன் ஆகியோரைத் தோற்கடித்தார். இருவரும் அன்றைய உலகின் முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள். ஆரோனுக்குப் பின்னால் பயிற்சியாளர் படை கிடையாது. அவர் வளர்ந்த காலத்தில் இந்தியாவின் பல இடங்களில் ஆடப்பட்டது நாட்டு முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். சர்வதேச விதிகளையே இங்கே பரப்ப வேண்டியிருந்தது. அந்த வேலையையும் சேர்த்துச் செய்தவர் ஆரோன். 1972-ல் மெட்ராஸில் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்புக்குப் பின்னால் இருந்தவரும் அவர். அந்த கிளப்பில் ஆடி வளர்ந்த சிறுவன்தான் ஆனந்த்.

கோப்பையை மட்டும் எண்ணுகிற ஒப்பீட்டில் ஆரோன் காணாமல் போகிறார். அப்படிப்பட்ட ஒப்பீட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை. பெண்கள் செஸ்ஸிலும் இதே கதை உண்டு. இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் (WGM) எஸ்.விஜயலட்சுமி சென்னைக்காரர். ஆர்.வைஷாலி இன்று எட்டியிருக்கும் உயரத்தைப் பேசும்போது, அவர் பெயர் எத்தனை பேருக்கு நினைவில் வருகிறது?

களத்துக்கே வராதவர்கள்

'யார் பெரியவர்' என்ற பட்டியலில் இடம்பெறவே முடியாத ஒரு கூட்டம் உண்டு. ஆட வாய்ப்பே கிடைக்காதவர்கள்.

ஆனந்த் பிறந்த மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம், கடலூர் வழியாக எழும்பூர் போகும் பழைய மெயின் லைன் ரயில், விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தாண்டித்தான் போகும். அவர் கிராண்ட்மாஸ்டர் ஆன 1988-ல் விழுப்புரம் தனி மாவட்டமே கிடையாது. தென்னாற்காடு மாவட்டம்; தலைநகர் கடலூர். விழுப்புரம் மாவட்டம் உருவானது 1993-ல்தான். அந்த 1988-ல், திண்டிவனத்தில் ஆனந்த் வயதுப் பையன் ஒருவனுக்கு அதே அளவு மூளை இருந்திருந்தாலும், கிளப் எங்கே? புத்தகம் எங்கே? தனக்குச் சமமாக ஆட ஆள் எங்கே? சென்னை சுமார் 120 கிலோமீட்டர்தான். ஆனாலும், பள்ளி விட்டு தினமும் மாலை போய் ஆடிவிட்டுத் திரும்பும் தூரம் அல்ல.

இன்று அந்தத் தூரம் பாதி குறைந்திருக்கிறது. லிசெஸ் போன்ற இலவச தளங்களும், ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச மென்பொருளும் எந்த போனிலும் ஓடும். காஸ்பரோவ் காலத்து சாம்பியன்களுக்குக் கிடைக்காத ஆய்வுக் கருவி, விழுப்புரத்து ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கையில் இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட், திண்டிவனத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயண தூரத்தில்தான் நடந்தது. குகேஷ் அங்கேதான் தங்கப் பதக்கம் வாங்கினார்.

மீதிப் பாதி? அது பணம். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கும் மூன்று 'நார்ம்'களும் வேண்டும். நார்ம் என்றால், குறிப்பிட்ட தரமுள்ள போட்டியில் காட்ட வேண்டிய ஆட்டத்திறன். பொதுவாக, எதிராளிகளில் கிராண்ட்மாஸ்டர்களும் வெளிநாட்டு வீரர்களும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். போனில் ஆடினால் நார்ம் வராது. விமானம், விசா, தங்கும் செலவு, பயிற்சியாளர் கட்டணம், கூடவே போகும் பெற்றோரின் சம்பள இழப்பு எல்லாம் சேரும். குகேஷின் தந்தை, காது-மூக்கு-தொண்டை மருத்துவர், மகனோடு பயணம் செய்வதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தார் என்பது ஊரறிந்த செய்தி. வேலையை ஒருநாள் விட்டால் அன்றைய கூலி போய்விடும் குடும்பம் அதைச் செய்ய முடியுமா?

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா?

தாராளமாக ஒப்பிடலாம். அதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது. மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் போதும்.

1. தன் காலத்து ஆட்டக்காரர்களை விட எவ்வளவு முன்னால் இருந்தார், எத்தனை ஆண்டுகள் இருந்தார்?

2. அந்தக் காலத்தில் களத்துக்குள் வர எத்தனை பேருக்கு முடிந்தது?

3. கையில் என்ன கருவி இருந்தது, முன்னால் யார் வழி போட்டிருந்தார்கள்?

முதல் கேள்வியில் ஆனந்த் இன்றும் குகேஷை விட வெகுதூரம் முன்னால். ஐந்து பட்டமும் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உச்ச நிலை ஆட்டமும் சின்ன விஷயமில்லை. இரண்டாவது கேள்வியில் குகேஷின் பக்கம் கனம் கூடுகிறது. இவ்வளவு நெரிசலான களத்தில் 18 வயதில் மேலே வருவது, எண்பதுகளின் இந்தியாவில் மேலே வருவதைப் போன்றதல்ல. மூன்றாவது கேள்வியைக் கேட்டால், மூவரில் ஆரோனின் மதிப்பு சட்டென்று உயரும்.

குகேஷின் ஆட்ட வாழ்க்கை இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. முடிவாக ஒரு தீர்ப்பு வேண்டுமென்றால் இன்னும் இருபது ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதற்குள் அவரைத் தாண்ட ஒருவர் வருவார். அவர் செங்கல்பட்டைத் தாண்டி, விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வரக்கூடியவரா என்பது, அங்கே படிக்கும் பிள்ளைகளின் மூளையைப் பொறுத்த விஷயம் இல்லை. முதல் நார்முக்கான விமான டிக்கெட்டை யார் வாங்கித் தருவார் என்பதைப் பொறுத்தது.